குன்மம்: தென்னாட்டு வயிற்று வலியின் வரலாறு

குன்மம் என்பது மேல் வயிற்றில் நெடுநாள் நீடிக்கும் வலி, எரிச்சல், பொருமல், புளியேப்பம், உண்டபின் வாந்தி ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவ நூல்கள் தரும் பெயர். இன்றைய அலோபதி மருத்துவம் இரைப்பைப் புண், முன்சிறுகுடல் புண், புண் இல்லாத செரிமானக் கோளாறு என்று பிரித்துப் பார்க்கும் பல நிலைகள் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். பேச்சு வழக்கில் இதுவே ‘அல்சர்’ என்றும் ‘கேஸ் டிரபிள்’ என்றும் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் முன்சிறுகுடல் புண் மிகுந்திருந்த பகுதிகளில் தென்னிந்தியாவும் ஒன்று. அதிலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய பழைய தெற்குத் திருவிதாங்கூர் இந்நோய்க்குப் பெயர்பெற்றது. ஆகவே இந்த வலிக்கு மக்கள் தேடிய மருந்துகளின் வரலாற்றில் தமிழ் நிலத்துக்கு ஒரு தனியிடம் உண்டு.

பழைய பெயர்கள், பழைய மருந்துகள்

தமிழ் இலக்கியத்தில் மிகவும் அறியப்பட்ட வயிற்று வலி திருநாவுக்கரசருடையது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருக்கு வந்தது சூலை நோய். சூலத்தால் குத்துவது போன்ற வலி என்பதால் அப்பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், சமண முனிவர்கள் மந்திரித்த நீரைக் குடிக்கக் கொடுத்ததையும் மயிற்பீலியால் தடவியதையும் சொல்லி, அவற்றால் வலி கூடியதே தவிரக் குறையவில்லை என்கிறார். பின்னர் அவர் தமக்கை திலகவதியாரிடம் வந்து, திருநீறு பெற்று, திருவதிகை வீரட்டானத்தில் பாடியபோது வலி நீங்கியது. அது எந்த நோய் என்று இன்று தீர்மானிக்க முயல்வதில் பொருளில்லை. பித்தப்பைக் கல்லாகவும் இருக்கலாம், குடல் புண்ணாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு மருத்துவரிடம் தீராமல் அடுத்தவரிடம் ஓடுவது, வலி திடீரென்று விட்டுப்போவது, விட்ட வேளையில் கையில் இருந்த மருந்துக்கு அந்தப் பெருமை சேர்வது ஆகிய மூன்றும் இந்நோயின் வரலாறு முழுவதும் வரும்.

சித்த மருத்துவம் குன்மத்தை எட்டாக வகுத்தது. வாதம், பித்தம், ஐயம், வாயு, எரி, வலி, சத்தி, சன்னி என்பவை அவ்வகைகள். உடலையும் மனத்தையும் குன்றச் செய்வதால் குன்மம் என்று பெயர்க் காரணம் சொல்வார்கள். காலம் தவறி உண்பது, பட்டினி கிடப்பது, மிகு காரமும் புளிப்பும், கவலை, சினம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. வயிற்றுக்குள் பார்க்க வழியே இல்லாத காலத்தில் செய்த வகைப்பாடு இது. நோயாளி சொல்வதைக் காதால் கேட்டும் நாடியைக் கையால் பார்த்தும் பிரித்தவை. அந்த அளவில் கூர்மையானவை. வாந்தி முதன்மையாக வரும் சத்தி குன்மத்தின் வருணனையைப் படிக்கும் இன்றைய மருத்துவருக்கு, புண் ஆறித் தழும்பாகி இரைப்பையின் வாய் சுருங்கிய நோயாளி நினைவுக்கு வரக்கூடும்.

மருந்துகளும் வெறும் நம்பிக்கையின் மேல் நின்றவை அல்ல. சங்கு பற்பம், பலகரை பற்பம், முத்துச்சிப்பி பற்பம் ஆகியவை குன்மத்துக்கு வழங்கப்பட்டன. இவை சுண்ணச் சத்து நிறைந்த ஓடுகளைப் புடமிட்டு எடுத்தவை; வயிற்று அமிலத்தை மட்டுப்படுத்தும். மருந்துக் கடையில் இன்று வாங்கிச் சப்பும் அமில முறிப்பு வில்லைகள் பலவற்றிலும் இருப்பது கால்சியம் கார்பனேட்தான். வீட்டு மருத்துவம் இன்னும் எளியது. சீரகத் தண்ணீர், ஓமத்திரவம், மோரில் கரைத்த பெருங்காயம், ஊறவைத்த வெந்தயம், மணத்தக்காளிக் கீரை. இவற்றோடு தொப்புளைச் சுற்றிச் சூடு போடுவது, குடல் தட்டுவது, ‘மருந்தீடு’ என்று சொல்லித் தொக்கம் எடுப்பது ஆகியவையும் இருந்தன. பழமை என்ற ஒரே பையில் இரண்டையும் போட்டுவிடக் கூடாது. சீரகத் தண்ணீரால் கெடுதல் இல்லை. குடலில் ஓட்டை விழுந்தவனைப் படுக்கவைத்து வயிற்றைத் தேய்த்தால் உயிர் போகும்.

அமிலத்தின் ஆட்சி

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது என்று 1820-களில் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் பிரவுட் காட்டினார். அமிலம் இல்லையேல் புண் இல்லை என்ற கருத்தைக் கார்ல் ஷ்வார்ட்ஸ் 1910-இல் முன்வைத்தார். அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு மேற்கத்திய மருத்துவத்தை இந்தக் கருத்துதான் நடத்தியது.

சிகாகோவின் பெர்ட்ரம் சிப்பி 1915-இல் வெளியிட்ட முறையில், நோயாளி மணிக்கொருமுறை பாலும் பாலேடும் குடிக்க வேண்டும். இடையிடையே சோடா உப்பு, மெக்னீசியா, பிஸ்மத் பொடிகள். ‘அல்சருக்குப் பால் நல்லது’ என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுவதில் இந்த முறையின் எதிரொலி இருக்கலாம். பால் உள்ளே போனதும் எரிச்சல் தணிவது உண்மை. ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் அமிலத்தை மேலும் சுரக்கவைக்கும். மாதக்கணக்கில் பாலும் காரமும் உண்டவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டதும் பின்னர் தெரியவந்தது. இயற்கை உணவு, மருந்து என்ற எல்லை இங்கேயே கலைந்துவிடுகிறது. சிப்பியின் பால் முறை அக்காலத்தின் முறையான ஆஸ்பத்திரி வைத்தியம்.

பொடிகளால் தீராதவர்களுக்குக் கத்தி இருந்தது. 1881-இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துக் குடலை இணைத்தார். அதே ஆண்டு அவரது துணைவர் அன்டன் வோல்ஃப்லர் எதையும் வெட்டி நீக்காமல் இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துக் காட்டினார். இரண்டும் புற்றுநோய்க்காகச் செய்யப்பட்டவை. இரண்டுமே பிறகு புண்ணுக்கும் வந்தன. இரண்டாவதற்குத் தென்னாட்டில் ஒரு நீண்ட வாழ்வு காத்திருந்தது.

நெய்யூர்

நாகர்கோவிலுக்கு மேற்கே, அன்றைய திருவிதாங்கூரின் தென்பகுதியில் இருந்த நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது. அங்கே 1922-இல் ஒரு விருந்தினர் வந்தார். பெயர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். அந்த ஆண்டின் எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்தவர். முதல் உலகப் போரில் சோம் களத்தில் அறுவை மருத்துவர். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் ஒற்றை மருத்துவர் சமாளிக்க முடியாத கூட்டம் காத்துக்கிடப்பதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டு நெய்யூருக்கே திரும்பினார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்ட் சென்று ஆக்சிஜன் உருளை இல்லாமல் சுமார் 8,500 மீட்டர் வரை ஏறினார். இறங்கும் வழியில் உறைபனியால் பழுதான தொண்டைச் சவ்வு கழன்று மூச்சை அடைத்தது; நெஞ்சை அழுத்தி இருமித் துப்பிப் பிழைத்தார். அதன்பின் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி நெய்யூரில் கழிந்தது.

அங்கே அவரிடம் வந்தவர்களில் மிகப் பலருக்கு வயிற்று வலி. மேற்கு நாடுகளில் இந்தப் புண் இரத்தம் கசிந்தோ ஓட்டை விழுந்தோ திடீரென்று ஆளைச் சாய்ப்பது அதிகம். தென்னாட்டில் அப்படி அல்ல. பல ஆண்டு வலி, பிறகு தழும்பால் இரைப்பையின் வாய் சுருங்குதல், காலையில் உண்ட சோறு மாலையில் செரிக்காமல் வாந்தியாக வருதல், எலும்பும் தோலுமாக இளைத்தல் என்பதே இங்கே வழக்கமான போக்கு. வயல்வேலை செய்பவனுக்கு இது மெல்லக் கொல்லும் நோய். இப்படிப்பட்டவருக்குப் பால் முறை சொல்வது கேலி. மணிக்கொருமுறை பாலேடு குடிக்க எவரிடம் காசு இருந்தது?

ஆகவே அறுவை. சாமர்வெல்லும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆயிரக்கணக்கில் வயிற்று அறுவைகள் செய்தனர். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் எளிய முறை இங்கே பெரிதும் பயன்பட்டது. இணைத்த இடத்திலேயே மீண்டும் புண் வருகிறது என்று மேற்கே அந்த முறை செல்வாக்கு இழந்துகொண்டிருந்த காலம் அது. சுருங்கிய வாயோடு வந்த தென்னாட்டு நோயாளிக்கோ அது சோறு உள்ளே போக ஒரு வழியைத் திறந்தது. சாமர்வெல் இந்த அனுபவத்தை ஆங்கில மருத்துவ இதழ்களில் எழுதினார். இரைப்பை அறுவை பற்றித் தனி நூலும் வெளியிட்டார். பிற்காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார்.

ஏன் இந்த ஊரில் இத்தனை பேருக்கு என்ற கேள்வி எழாமல் இருக்குமா? சந்தேகம் முதலில் உணவின் மேல் விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசாகம் திருநாள் மன்னரின் ஊக்கத்தால் பரவிய மரச்சீனிக் கிழங்கு, தெற்குத் திருவிதாங்கூர் ஏழையின் முதன்மை உணவாகிவிட்டிருந்தது. குன்னூரில் உணவு ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்பதையே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், நெய், காய்கறி சேர்ந்த பஞ்சாப் உணவு உண்டவை நன்றாக இருந்தன. மரச்சீனியை நம்பிய ஏழைத் திருவிதாங்கூர் உணவு உண்டவற்றுள் கணிசமானவற்றுக்கு வயிற்றுப் புண் வந்தது. மைசூரில் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி பின்னர் இந்தியா முழுமைக்கும் இந்நோயின் பரவலை ஆராய்ந்து, அரிசியும் கிழங்கும் உண்ணும் பகுதிகளில் மிகுதி, கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு என்று எழுதினார். இந்த வேறுபாடு உண்மையானது; அதற்கான விளக்கம் இன்றும் முழுமையாகவில்லை.

மிளகாயின் மேல் பழி

பொதுமக்கள் வேறொரு குற்றவாளியைப் பிடித்தார்கள்: மிளகாய். மருத்துவர்களும் வயிற்று வலிக்காரரிடம் முதலில் காரத்தை நிறுத்தச் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மிளகாய் நம் நாட்டுக்கு வந்தது போர்த்துக்கீசியருக்குப் பிறகு. சூலையில் துடித்த திருநாவுக்கரசர் மிளகாயைக் கண்டதே இல்லை. சிங்கப்பூரில் சீனரை ஆராய்ந்து 1995-இல் வெளியான ஒரு கட்டுரை, புண் உள்ளவர்களைவிட இல்லாதவர்களே மிளகாயை அதிகம் உண்டதைக் கண்டது. அதே ஊரில் காரம் மிகுதியாக உண்ணும் இந்தியரிடமும் மலாய்க்காரரிடமும் சீனரைவிடப் புண் குறைவு. ஏற்கெனவே இருக்கும் எரிச்சலைக் காரம் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவதற்கு நல்ல சான்று இல்லை. கவலையும் கோபமும் இதே போலக் குற்றம் சுமந்தவை. ‘டென்ஷன் படாதீர்கள், அல்சர் வரும்’ என்ற அறிவுரைக்குப் பின்னால் ஒரு தலைமுறை மருத்துவப் பாடநூல்கள் இருந்தன.

அதிமதுரமும் வாழைக்காயும்

இதே காலத்தில் இயற்கைப் பொருள்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தன. நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், அதிமதுரச் சாறு கொடுத்த நோயாளிகளின் புண் ஆறுவதை 1946-இல் எழுதினார். சிலருக்கு முகமும் காலும் வீங்கின. அதிமதுரம் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். அதிலிருந்து கார்பெனாக்ஸலோன் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. ரிச்சர்ட் டோல் குழுவினர் 1962-இல் அதைச் சோதித்தனர். இரைப்பைப் புண்ணில் பலன் தெரிந்தது. சில காலம் அது முறையான மருந்துச் சீட்டு மருந்தாகவே இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேர், மேற்கத்திய மருந்தாக உருமாறியபோது அதன் பக்கவிளைவும் கூடவே போனது என்பது கவனிக்கத் தக்கது. வாரணாசியில் 1960-களில் வாழைக்காய்ப் பொடியை விலங்குகளில் சோதித்து, அது இரைப்பையின் உட்சவ்வைக் காப்பதைக் கண்டனர். கலிஃபோர்னியாவில் கார்னெட் செனி 1949-இல் முட்டைக்கோசுச் சாற்றால் புண் விரைவில் ஆறுவதாக எழுதினார். அவர் பார்த்தது விரல்விட்டு எண்ணத்தக்க நோயாளிகளை.

எல்லா மருந்தும் கேட்ட நோய்

1976-இல் பிரிட்டனில் சிமெடிடின் விற்பனைக்கு வந்தது. அமிலம் சுரக்கும் கட்டளையையே தடுக்கும் மருந்து. அதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரானிடிடினும் ஒமிப்ரசோலும் பின்தொடர்ந்தன. அறுவை அரங்குகளில் கூட்டம் குறைந்தது.

இம்மருந்துகளைச் சோதித்தபோது கிடைத்த ஒரு செய்தி, என் கருத்தில், மருந்துகளைவிட முக்கியமானது. ஒப்பிடுவதற்காகப் பாதிப்பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் அவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, சில நாடுகளில் அதற்கும் மேற்பட்டோருக்கு, புண் ஆறியிருந்தது. 1957-இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் உருவாக்கிய வளையும் உள்நோக்கிக் கருவி பரவியிருந்ததால் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இந்தப் புண் தானே ஆறும், தானே திரும்ப வரும். நூறு பேருக்குத் திருநீறோ கோசுச் சாறோ சங்கு பற்பமோ சிப்பியின் பாலோ கொடுத்தால், முப்பது பேராவது குணமானேன் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், பொய் சொல்லமாட்டார்கள். ஓராண்டில் மீண்டும் வலி வந்தால் அதற்குப் பத்தியம் தவறியதைக் காரணம் காட்டலாம். சிமெடிடினுக்கும் இதே கதைதான். நிறுத்திய ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குப் புண் திரும்பியது. பத்தியத்துக்குப் பதிலாக வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றார்கள்.

பெர்த் நகரத்துக் கிருமி

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன், 1979 முதல் இரைப்பைச் சவ்வின் துணுக்குகளில் வளைந்த பாக்டீரியாக்களைக் கண்டுவந்தார். அமிலத்தில் எதுவும் வாழாது என்பது பாடம். இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். அவற்றை வளர்க்கும் முயற்சி தொடர்ந்து தோற்றது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்தபோதுதான் கிருமி வளர்ந்து தெரிந்தது. மெதுவாக வளரும் கிருமியை அதுவரை இரண்டே நாளில் தூக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். நம்ப ஆளில்லாத நிலையில் மார்ஷல் 1984-இல் அக்கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. உள்நோக்கியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பிறகு பெயர் பெற்ற அக்கிருமியை ஒழித்தால் புண் திரும்புவது அரிது என்று ஆய்வுகள் காட்டின. 1994-இல் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு நுண்ணுயிர்க்கொல்லிச் சிகிச்சையை ஏற்றது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இவர்களுக்கு முன்பே, கிரேக்க நாட்டில் ஜான் லிக்கோடிஸ் என்ற மருத்துவர் 1958 முதல் புண் நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துவந்தார். அவருடைய கட்டுரை ஏற்கப்படவில்லை. 1968-இல் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகி அபராதம் கட்டினார். அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமும் தனக்குள் இருந்தவரை இப்படி விரட்டியிருக்கிறது. சிப்பியின் பொடியில் இருந்த பிஸ்மத்தோ இக்கிருமியைத் தாக்கக்கூடியது. காரணம் தெரியாமலே ஓரளவு சரியான மருந்தைப் பலர் கொடுத்துவந்திருக்கிறார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு நெய்யூர்க் கேள்வியைப் பாதிதான் தீர்த்தது. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இக்கிருமி உண்டு. வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. அவர்களில் மிகச் சிலருக்கே புண் வருகிறது. கிருமியின் வகை, பரம்பரை, புகை, உணவு ஆகியவற்றில் எது எவ்வளவு என்பதில் விவாதம் தொடர்கிறது. மரச்சீனி முற்றாக விடுதலையாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

அறுவை செய்துகொண்டவர்களுக்கு இச்செய்தி தாமதமாக வந்தது. இரைப்பையைச் சுருக்கியும் திருப்பியும் இணைத்தும் பிழைத்தவர்களில் பலர் இரும்புச் சத்துக் குறைவு, பி12 குறைவு, உண்டவுடன் மயக்கமும் வயிற்றோட்டமும் என வாழ்நாள் முழுக்க விலை கொடுத்தார்கள். அன்று அவர்களுக்கு வேறு வழியில்லை. இன்றைய நோயாளிக்கு, இரைப்பையின் வாய் சுருங்கும் முன்பே வந்தால், இரண்டு வார மாத்திரை போதும்.

இன்றைய நிலை

உள்நோக்கியில் பார்த்தால், மேல் வயிற்று வலியோடு வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணே இருப்பதில்லை. வயிற்றின் அசைவும் நரம்புகளின் கூருணர்வும் மாறியதால் வரும் வலி இது. குன்மம் என்ற பழைய சொல்லின் பெரும்பகுதி இங்கேதான் பொருந்துகிறது. வேளைக்கு உண்பது, குறைவாக உண்பது, மனத்தை ஆற்றுவது என்ற பழைய பத்தியமும் இங்கேதான் பயன்படுகிறது. புதினா எண்ணெய்க்குக் குடல் இழுப்பு வலியில் பலன் உண்டென்று முறையான சோதனைகள் காட்டியுள்ளன. சீரகம், ஓமம், சுக்கு ஆகியவற்றுக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது, சான்று குறைவு, தீங்கும் குறைவு. பாடாணங்களும் உலோகங்களும் சேரும் சித்த மருந்துகளைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வை இன்றி உண்பது வேறு விஷயம்.

புண்ணின் காரணமும் மாறிவருகிறது. மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் வலி நிவாரணிகள் கிருமிக்கு அடுத்த பெரிய காரணம். முதியோரில் இரத்தக் கசிவுக்கு அவை முக்கியக் காரணம். நுண்ணுயிர்க்கொல்லிகளை அளவின்றிப் பயன்படுத்தியதால் இக்கிருமி இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்குப் பெரிதும் பழகிவிட்டது. மற்ற மருந்துகளுக்கும் பழகிவருகிறது. அமிலத்தைத் தடுக்கும் மாத்திரை இன்று காலைக் காப்பியோடு உண்ணும் பொருளாகிவிட்டது. அது புற்றுநோயின் தொடக்க வலியையும் சில மாதங்கள் மறைத்துவைக்கும். ‘கேஸ்’ என்று நினைத்த நெஞ்செரிச்சல் மாரடைப்பாக இருப்பதும் உண்டு. தார் போன்ற கருப்பு மலம், இரத்த வாந்தி, காரணமின்றி இளைத்தல், விழுங்க முடியாமை, பலகை போல் இறுகிய வயிறு, தொப்புளருகே தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஓமத்திரவமும் வேண்டாம், கடை மாத்திரையும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.